வான் பாயும் பருவத்தில் உடையார்கட்டு

இலங்கையின் நீர்வீழ்ச்சிகளை வரைபடமொன்றில் குறித்துப் பார்ப்பவர், அவை நாட்டின் நடுவிலுள்ள மலைநாட்டையும் அதன் சரிவுகளையும் சுற்றியே நெருங்கிக் கிடப்பதையும், வவுனியாவுக்கு வடக்கே விரியும் வன்னிப் பெருநிலப்பரப்பில் குறிப்பதற்கு ஒன்றுமே இல்லாதிருப்பதையும் காண்பார். 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்த, 220 மீற்றர் உயரமுள்ள தியலும ஆகிய புகழ்பெற்ற நீர்வீழ்ச்சிகள் பதுளை மாவட்டத்தில், மலைநாடு தென்புறத் தாழ்நிலத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் விளிம்பில் அமைந்துள்ளன. புவியியலாளர் இத்தீவின் நிலத்தை மூன்று படிகளாகப் பிரித்து நோக்குவதுண்டு; ஓர் உயர்ந்த படியிலிருந்து தாழ்ந்த படிக்கு ஆறுகள் இறங்க நேரும் இடங்களிலேயே பெரும்பாலான நீர்வீழ்ச்சிகள் தோன்றியிருக்கின்றன. வன்னி முழுவதும் மிகத் தாழ்ந்த படியில் கிடக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்திலுள்ள வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக் கரைக்கும் இடையே நேர்கோட்டில் 65 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம் இருப்பதால், கனகராயன் ஆறும் பேராறும் அந்தச் சிறிய இறக்கத்தை அவசரமின்றிக் கடந்து, முன்னது சுண்டிக்குளத்திலும் பின்னது நந்திக்கடலிலும் கலக்கின்றன. இவ்விரண்டும் கடனீரேரிகள், அதாவது கடல்நீரும் ஆற்றுநீரும் கலந்து நிற்கும் ஆழம் குறைந்த நீர்ப்பரப்புகள்.

ஆகவே வன்னியில் உயரத்திலிருந்து நீர் விழுவதைக் காண விரும்புபவர் மனிதர் மண்சுமந்து கட்டிய குளங்களைத் தேடிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு குளத்துக்கும் அது தாங்கக்கூடிய நீர்மட்டம் ஒன்று உண்டு. அந்த மட்டத்தைத் தாண்டும் நீர் கட்டை உடைத்துவிடாமல் வெளியேறுவதற்காகக் கட்டின் ஓரிடத்தில் கல்லாலோ கொங்கிரீற்றாலோ அமைக்கப்படும் தாழ்ந்த வழியே 'வான்' எனப்படுகிறது. தமிழகத்தில் கலிங்கு என்றும் மறுகால் என்றும் வழங்குவது இதுவே. வடகீழ்ப் பருவமழை உச்சம்பெறும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் "குளம் வான் பாயுது" என்ற செய்தி ஊரிலிருந்து ஊருக்குப் பரவ, சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் லான்ட்மாஸ்ரர் எனப்படும் இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியிலும் குடும்பங்கள் வந்து சேர்கின்றன. முல்லைத்தீவு மாவட்டத்தின் புதுக்குடியிருப்புப் பிரதேச செயலாளர் பிரிவிலுள்ள உடையார்கட்டு, அத்தகைய குளம் ஒன்றைத் தன் தெற்குப் பக்கத்தில் கொண்ட விவசாயக் கிராமமாகும். முதுகில் ஒரு பையுடன் உள்ளூர்ப் பேருந்தில் அங்கு சென்று வருவது, வன்னியை விளங்கிக்கொள்வதற்கு இன்றுள்ள மிக நேர்மையான வழிகளுள் ஒன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதுகுப்பைப் பயணம் என்பது, தோளில் சுமக்கக்கூடிய அளவுக்கே உடைமைகளைச் சுருக்கிக்கொண்டு, வாடகை வாகனமோ முன்கூட்டி வகுத்த சுற்றுலாத் திட்டமோ இன்றி, அந்தந்த ஊரார் பயன்படுத்தும் போக்குவரத்தில் ஏறி இறங்கிச் செல்லும் முறை. 1960களிலும் 1970களிலும் ஐரோப்பிய இளைஞர்கள் இஸ்தான்புல்லிலிருந்து தரைவழியாகக் காத்மாண்டு வரைக்கும் கோவா வரைக்கும் பேருந்துகளில் வந்த காலத்தில் இது உலகெங்கும் பேசப்படும் வழக்கமாயிற்று. 1973இல் ரோனி வீலர், மோரீன் வீலர் தம்பதியர் வெளியிட்ட சிறிய வழிகாட்டி நூலிலிருந்தே லோன்லி பிளானட் பதிப்பகம் வளர்ந்தது. தமிழருக்கு இந்த எண்ணம் புதிதல்ல. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் எதிர்ப்படும் கலைஞருக்கு வழிசொல்லும் ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை, கால்நடையாகச் செல்பவருக்கு எந்த வழியில் எந்த இடர், எங்கே தங்கலாம், எந்த ஊரார் என்ன உணவு தருவர் என்பவற்றை விரிவாகக் கூறுவது. கூத்தராற்றுப்படை என்றும் பெயர்பெற்ற மலைபடுகடாம், வழுக்கும் பாறைகளையும் மலையருவிகளையும் கடந்து நன்னனின் நாட்டுக்குச் செல்லும் வழியைச் சொல்கிறது. வழியில் வாழும் மக்களைப் பயணத்தின் நடுவில் வைத்து, சேருமிடத்தை அதன் பின்னர் வைக்கும் அந்தப் பழைய ஒழுங்கு இன்றைய பயணிக்கும் பொருந்தும்.

உடையார்கட்டு ஏ35 வீதியில் உள்ளது. யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ9 வீதியிலிருந்து பரந்தன் சந்தியில் பிரிந்து, கிழக்கும் தென்கிழக்குமாகச் சென்று முல்லைத்தீவு நகரை அடையும் இவ்வீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமானது. முல்லைத்தீவுக்கு ஏ9இலிருந்து பிரியும் இன்னொரு பெருவீதி மாங்குளத்தில் தொடங்கி ஒட்டுசுட்டான், தண்ணீரூற்று, முள்ளியவளை வழியாகச் செல்லும் ஏ34. புதிதாக வருபவர் தடுமாறுவது இங்கேதான். பேருந்தின் முகப்பில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் முல்லைத்தீவு என்று எழுதியிருந்தாலும் அது எந்த வீதியால் போகிறது என்பதை அறியாமல் ஏறினால், உடையார்கட்டைக் காணாமலே முல்லைத்தீவைச் சென்றடைய நேரிடும். "அண்ணை, பரந்தனாலோ மாங்குளத்தாலோ போகும்?" என்று நடத்துனரிடம் கேட்டுவிட்டு ஏறுவதே ஊரார் வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவருக்குப் பரந்தன் வழிப் பேருந்து நேராகவே அமைகிறது. தெற்கிலிருந்து வருபவர் பரந்தனில் இறங்கி மாறலாம். அல்லது மாங்குளத்தால் வந்து, ஒட்டுசுட்டானிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் பிரியும் உள்வீதியைப் பிடித்து, உடையார்கட்டைக் கிழக்குப் பக்கமாக அடையலாம். புகையிரதத்தில் வருபவருக்குக் கிளிநொச்சி நிலையம் வசதியானது. அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போரினால் அற்றுப்போயிருந்த வடபகுதிப் புகையிரத சேவை கிளிநொச்சி வரை 2013 செப்டெம்பரிலும் யாழ்ப்பாணம் வரை 2014 ஒக்டோபரிலும் மீண்டது.

இப்பாதையில் இரண்டு வகைப் பேருந்துகள் ஓடுகின்றன. சிவப்பு நிறம் கொண்டவை இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குரியவை. பல தனியார் கம்பனிகளிடம் சிதறிக்கிடந்த பேருந்துச் சேவை 1958 ஜனவரி 1இல் அரசுடைமையாக்கப்பட்டபோது உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபை, 1970களின் இறுதியில் பிராந்திய சபைகளாகப் பிரிந்தது. அதே காலத்தில் தனியாருக்கும் மீண்டும் இடமளிக்கப்பட்டது. 2005இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் அரச சேவைகள் மறுபடியும் ஒன்றாயின. முதியவர்கள் இன்றும் இதனை, சபையின் பழைய ஆங்கிலப் பெயரின் சுருக்கத்தால், சிரிபி பஸ் என்கின்றனர். பேருந்துகள் இரவில் தரித்து நின்று பழுதுபார்க்கப்படும் பணிமனையை இலங்கைத் தமிழர் 'சாலை' என்பர். முல்லைத்தீவுச் சாலை, கிளிநொச்சிச் சாலை என்று பேருந்தின் பக்கவாட்டிலும் அறிவித்தல்களிலும் காணப்படுவது இதனையே குறிக்கும். தனியார் பேருந்துகள் வேகத்திலும் பாட்டுச் சத்தத்திலும் முந்தியவை. அரச பேருந்தில் பருவகாலச் சீட்டு வைத்திருக்கும் மாணவரும் அலுவலரும் மிகுதி.

பயணிக்கு இங்கு சில ஒழுங்குகள் தெரிந்திருக்க வேண்டும். முன் இருக்கைகள் மதகுருமாருக்கும் கர்ப்பிணிப் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. அவை வெறுமையாக இருந்தாலும், உரியவர் ஏறியவுடன் எழுந்துவிட வேண்டும் என்ற எண்ணத்துடனேயே அமர வேண்டும். பெரிய முதுகுப்பையை முதுகிலிருந்து கழற்றிக் காலடியில் அல்லது சாரதியின் அருகிலுள்ள இடத்தில் வைப்பது, நெரிசலில் நிற்கும் மற்றவருக்குச் செய்யும் முதல் மரியாதை. சில்லறைக் காசு கையில் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ரிக்கற்றின் பின்புறத்தில் மிகுதிக் காசின் தொகையை நடத்துனர் எழுதிக் கொடுப்பார், இறங்கும்போது நினைவாகக் கேட்டு வாங்க வேண்டும். இறங்குமிடம் நெருங்கியதும் "இறக்கம்" என்று குரல் கொடுத்தால் பேருந்து நிற்கும். இவை அற்பமான செய்திகள் எனத் தோன்றலாம். ஆனால் ஊர்ப் பேருந்து என்பது விதை நெல் மூடையும் மருந்துப் பொதியும் சந்தைக்குச் செல்லும் மரக்கறிக் கூடையும் வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகும் முதியவரும் ஒன்றாகப் பயணம் செய்யும் இடமாகையால், அங்கு ஓர் அந்நியர் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதை ஊர் முழுவதும் கவனித்துக்கொண்டிருக்கிறது.

தெற்கிலிருந்து ஏ9 வழியாக வரும் பேருந்துகள் கிளிநொச்சிக்கு முன்னர் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்பது நெடுங்கால வழக்கம். சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைக்க, பயணிகள் வீபூதி பூசிக்கொண்டு கச்சான், அதாவது வறுத்த நிலக்கடலை, வாங்கிக்கொள்வர். எந்தச் சமயத்தவர் ஓட்டும் வாகனமாயினும் பெரும்பாலும் இங்கு தரித்தே செல்லும். பரந்தனில் கிழக்கே திரும்பிய பின் நிலக்காட்சி மாறுகிறது. முரசுமோட்டைப் பகுதியில் வீதியின் இருபுறமும் விரியும் வயல்கள் இரணைமடுக் குளத்தின் நீரால் விளைபவை. வட மாகாணத்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கமாகிய இரணைமடு, பிரித்தானியர் காலத்தில் 1902இல் தொடங்கிய வேலைகளால் கனகராயன் ஆற்றை மறித்து உருவாக்கப்பட்டது.

அடுத்து வரும் தருமபுரத்தில் சற்று நின்று நிதானிக்க வேண்டும். 1977இன் இனவன்முறைக்குப் பின்னர் மலையகத் தோட்டங்களை விட்டு வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய வன்னிக் கிராமங்களுள் இதுவும் ஒன்று. தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள சென் கிளேயர், டெவன் போன்ற நீர்வீழ்ச்சிகளின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்த மலையக மக்கள், நீர் தானாக விழாத இந்தச் சமநிலத்தில் காடு வெட்டி, கிணறு தோண்டி வாழ்வைத் தொடங்கினர். இதற்கிடையில் மலையகத்து நீரும் தன் இயல்பை இழந்தது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் ஆறு மறிக்கப்பட்டதால், சென் கிளேயர் நீர்வீழ்ச்சியில் இன்று பகல் வேளையில் திறந்துவிடப்படும் நீரே பெரும்பாலும் விழுகிறது. வன்னியின் வானும் மலையகத்தின் அருவியும் இவ்வாறு ஒரே நிலைக்கு வந்திருக்கின்றன என்பதை எண்ணும்போது, மனிதர் தலையிடாத நீரே அழகிய நீர் என்ற சுற்றுலாக்காரரின் நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பது தெளிவாகிறது.

தருமபுரத்தின் தெற்கே, நெத்தலி ஆற்றின் போக்கில், கல்மடுக் குளம் உள்ளது. 2009 ஜனவரியில் போர் இப்பகுதியை நெருங்கியபோது அதன் அணைக்கட்டு தகர்க்கப்பட்டு, தேங்கியிருந்த நீர் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. பின்னர் கட்டு மீள அமைக்கப்பட்டு, அந்தக் குளம் இன்று மறுபடியும் நீர் ஏந்துகிறது. அதற்கப்பால் வரும் விசுவமடு, அரசின் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டத்தால் பெயர்பெற்றது; கல்வி கற்றும் வேலை கிடைக்காத இளைஞருக்குக் காணி வழங்கிய அத்திட்டத்தில் வந்தவர்கள், 1970களில் வெளிநாட்டு மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட ஆண்டுகளில், இந்த மணலும் செம்மண்ணும் கலந்த நிலத்தில் செத்தல் மிளகாய் விளைவித்து நல்ல வருவாய் கண்டனர். இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின்னர் அந்த வளம் குன்றியது. மூங்கிலாற்றைத் தாண்டியதும் பேருந்து உடையார்கட்டுச் சந்தியை அடைகிறது: பாடசாலை, கடைகள், தேநீர்க்கடைகள், வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒழுங்கைகள், அவற்றின் இருபுறமும் தென்னை, பனை, மா, பலா நிறைந்த வளவுகள்.

இந்த வீதியில் பயணம் செய்யும் ஒருவர், 2009ஆம் ஆண்டை அறியாமல் இவ்விடத்தைப் பார்ப்பது இயலாது. அவ்வாண்டு ஜனவரியின் மூன்றாம் வாரத்தில் இலங்கை அரசு, ஏ35 வீதியை ஒட்டிய ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர் பரப்பைத் தாக்குதலற்ற வலயமாக, அதாவது பொதுமக்கள் பாதுகாப்பாகத் தங்கக்கூடிய பகுதியாக, அறிவித்தது. உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம், தேவிபுரம் ஆகிய ஊர்கள் அதனுள் அடங்கின. மேற்கு வன்னியிலிருந்து மாதக்கணக்கில் இடம்பெயர்ந்து வந்துகொண்டிருந்த மக்கள் இங்கு தறப்பாள் கொட்டில்களிலும் பதுங்குகுழிகளிலும் நெருக்கமாகத் தங்கினர். அந்த வலயத்துக்குள் எறிகணைகள் வீழ்ந்ததையும் மக்கள் கொல்லப்பட்டதையும் ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியான அறிக்கையில் பதிவு செய்துள்ளது. எஞ்சியோர் புதுக்குடியிருப்பு ஊடாக முள்ளிவாய்க்கால் வரை நகர்ந்து, மே மாதத்தில் போர் முடிந்தபோது செட்டிகுளத்து மனிக் பாம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அடுத்து வந்த ஆண்டுகளில் மிதிவெடி அகற்றப்பட அகற்றப்பட, மக்கள் படிப்படியாகத் திரும்பி, கூரையற்ற சுவர்களும் பட்டுப்போன தென்னைகளும் நின்ற தங்கள் காணிகளில் மறுபடி வீடெழுப்பினர். இன்று காணும் வளவுகளிலுள்ள இளந்தென்னைகளின் வயதே அந்த மீள்வருகையின் வயது.

போர் முடிந்து ஏ9 திறந்ததும், இதே வீதியால் தெற்கிலிருந்து வாடகைப் பேருந்துகளில் பெருந்தொகையான சுற்றுலாப் பயணிகள் வந்தனர். புதுக்குடியிருப்புக் காட்டிலிருந்த விடுதலைப் புலிகளின் தலைவரது நிலக்கீழ் வதிவிடம், கடற்கரையில் தரைதட்டிக் கிடந்த சரக்குக் கப்பல், படையினர் எழுப்பிய வெற்றிச் சின்னங்கள் ஆகியவையே அவர்களுக்குக் காட்டப்பட்டன. அந்த நிலக்கீழ் வதிவிடத்தை 2013 ஒக்டோபரில் இராணுவம் தகர்த்துவிட்டது. அக்காலத்தில் வந்தவர்களுள் மிகப் பலர், தறப்பாளின் கீழ் வாழ்ந்துகொண்டிருந்த மக்களின் ஊர்களைக் கண்ணாடிச் சாளரத்தினூடே கடந்து சென்றனர். பார்ப்பவருக்கும் வாழ்பவருக்கும் இடையே அந்தச் சாளரம் ஏற்படுத்திய தூரம் மிகக் கொடியது. ஊர்ப் பேருந்தில் வருபவருக்கு அத்தகைய தூரம் வாய்ப்பதில்லை. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் எங்கே போகிறீர்கள், யார் வீட்டுக்கு என்று கேட்பார், அந்தக் கேள்விக்கு மரியாதையான பதில் சொல்லும் கடமை பயணிக்கு உண்டு. போரைப் பற்றி அவராகப் பேசினால் கேட்கலாம். துருவிக் கேட்பது தகாது.

சந்தியில் இறங்கியவர் குளத்துக்குச் செல்லும் வழியைத் தேநீர்க்கடையில் விசாரித்து அறிந்து, நடந்தோ முச்சக்கர வண்டியிலோ தெற்கு நோக்கிச் செல்லலாம். இலங்கையில் 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்கு நீர் தரும் குளங்கள் சிறிய குளங்கள் எனக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. அதற்கு மேற்பட்டவை நடுத்தரக் குளங்கள், பெரிய குளங்கள் என வகுக்கப்பட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்தால் பராமரிக்கப்படுகின்றன. உடையார்கட்டுக் குளமும் விசுவமடுக் குளமும் நடுத்தர வகையைச் சேர்ந்தவை. பேராற்றை மறித்த முத்தையன்கட்டும் பாலியாற்றின் வவுனிக்குளமும் இம்மாவட்டத்தின் பெரிய குளங்கள். எந்தக் குளத்தின் கட்டில் ஏறி நின்றாலும் அதன் உறுப்புகளை இனங்காணக் கற்றுக்கொள்ளலாம். நீரின் எதிர்க்கரையில், மழைக்காலத்தில் மூழ்கியும் கோடையில் புல்வெளியாகியும் கிடக்கும் தாழ்பகுதி அலைகரை. கோடையில் மாடுகளும், சில இரவுகளில் காட்டு யானைகளும் அங்கு மேயும். கட்டின் அடியில் வாய்க்காலுக்கு நீரைத் திறந்துவிடும் மதகு துருசு. கட்டின் ஒரு முனையில், கட்டின் உச்சியைவிடத் தாழ்வாக அமைந்திருப்பது வான்.

வானின் உயரமே குளத்தின் கொள்ளளவைத் தீர்மானிக்கிறது. மண்ணால் ஆன கட்டின் மேலாக நீர் வழியத் தொடங்கினால், அது சில மணி நேரத்திலேயே மண்ணை அரித்துக் கட்டை முற்றாக உடைத்துவிடக்கூடும்; ஆகவே உச்சிக்குச் சில அடிகள் கீழேயே வானின் மேல்விளிம்பு அமைக்கப்பட்டு, மிகுநீர் கட்டிடத்தின் மீதே விழுந்து வேகம் தணிந்து பழைய ஆற்றுப் போக்கில் சேருமாறு செய்யப்படுகிறது. சிறிய, நடுத்தரக் குளங்களில் நீர் தானாகவே மேவிப் பாய்வது வழக்கம். இரணைமடு போன்ற பெரிய குளங்களில் இரும்பாலான வான்கதவுகள் இருப்பதால், எப்போது எவ்வளவு திறப்பது என்பதைப் பொறியியலாளர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மேலுள்ள குளத்தின் வான்நீர் கீழுள்ள குளத்துக்கு வரவாகும் வகையில் குளங்களைத் தொடராக அமைத்த பழைய ஏற்பாட்டை, உலக உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண்மை மரபுகளின் வரிசையில் சேர்த்திருக்கிறது. மழை ஆண்டில் சில மாதங்களே பெய்யும் உலர்வலயத்தில், ஒரே துளி நீரைப் பல ஊர்களின் வயலுக்குப் பயன்படுத்திய அறிவு அது.

வான் பாயும் நாளில் அங்கு கூடும் கூட்டத்துக்குச் சுற்றுலாக் கூட்டத்தின் சாயல் குறைவு. முதலில் வருபவர் விவசாயி. வயலில் நெல் காலபோகத்தின், அதாவது புரட்டாதி, ஐப்பசியில் விதைத்து மாசி, பங்குனியில் அறுவடை செய்யும் பெரும்போகத்தின், நடுப்பருவத்தில் நிற்க, குளம் நிறைந்துவிட்டது என்ற செய்தி அவருக்கு அடுத்த போகத்தையும் பற்றிய நம்பிக்கையாகும். அவருக்குப் பின்னால் வீச்சுவலையுடனும் தூண்டிலுடனும் இளைஞர் வருவர். விழும் நீரை எதிர்த்து ஏற முயலும் மீன்களும், குளத்திலிருந்து அள்ளுண்டு வரும் திலாப்பியாவும் விராலும் அவர்களுக்கு அகப்படும். பிள்ளைகள் நுரைக்குள் தலையைக் கொடுத்துக் கூச்சலிடுவர். கரையில் நிற்கும் மருதமரங்களின் அடியில் கச்சானும் ஐஸ்கிறீமும் விற்கும் சைக்கிள்கள் வந்து நிற்கும். விழும் உயரம் மலைநாட்டு அருவிகளுக்கு முன் ஒன்றுமில்லை. ஆனால் இந்த நீரின் வரவை ஐப்பசியிலிருந்து நாள்தோறும் கணக்கிட்டுக் காத்திருந்தவர்கள் அதைச் சூழ்ந்து நிற்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி, பம்பரகந்தவின் அடிவாரத்தில் கிடைக்காத ஒன்று.

அதே நீர் ஆளைக் கொல்லவும் வல்லது. வானின் கொங்கிரீற்றுச் சரிவில் படரும் பாசி கண்ணாடி போல் வழுக்கும்; விழும் நீர் அடியில் சுழன்று மேலெழும் இடத்தில், நீந்தத் தெரிந்தவரையும் கீழே இழுத்து வைத்திருக்கும் சுழி உருவாகிறது. வேகமாகப் பாயும் நாட்களில் ஊரார் இறங்காத இடத்தில் பயணியும் இறங்கக் கூடாது. குளங்களில் முதலைகளும் உண்டு. வான் பாய்வதே வெள்ள அபாயத்தின் முதல் அறிகுறி என்பதும் மறக்கத்தக்கதல்ல: திருத்தப்பட்டு உயர்த்தப்பட்ட இரணைமடு 2018 டிசெம்பர் தொடக்கத்தில் விழாவாகத் திறந்துவைக்கப்பட்டு ஏறத்தாழ இரு வாரங்களில், கடும் மழையால் அதன் வான்கதவுகள் அனைத்தும் திறக்கப்பட, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நில ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கிப் பல்லாயிரம் பேர் இடம்பெயர்ந்தனர். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எச்சரிக்கை நடைமுறையில் உள்ள நாட்களில் பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை. அத்தகைய நாட்களில் மீட்புப் பணிக்கு வேண்டிய வீதியும் படகும் வேடிக்கை பார்ப்பவருக்குச் செலவாகக் கூடாது.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. வன்னியில் மிதிவெடி அகற்றும் பணி பெருமளவு முடிந்திருப்பினும் முற்றுப்பெறவில்லை. மண்டையோட்டுச் சின்னம் பொறித்த சிவப்புப் பலகையையோ கயிற்று வேலியையோ கண்டால் ஓரடியும் உள்ளே வைக்கக் கூடாது, காட்டுக்குள் குறுக்கு வழி தேடவும் கூடாது. பெண்கள் நீராடும் பக்கம் எது என்பதைக் கேட்டறிந்து விலகி நிற்பதும், எவரையும் கேளாமல் படம் எடுக்காதிருப்பதும், ஆண்கள் சாரமும் பெண்கள் முழு ஆடையும் அணிந்து நீராடும் ஊர் வழக்கத்தைப் பின்பற்றுவதும் இயல்பான மரியாதைகள். கொண்டுசென்ற பிளாஸ்ரிக் போத்தலையும் உணவுப் பொதியையும் திரும்பக் கொண்டுவர வேண்டும்; வானுக்குக் கீழே எறியப்படுவது அடுத்த மழையில் வாய்க்காலை அடைத்து யாரோ ஒருவரின் வயலில் போய்ச் சேரும். தங்குவதற்குக் கிளிநொச்சி அல்லது முல்லைத்தீவு நகரை நம்பிக்கொண்டு, மாலையில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே கேட்டுவைப்பது நல்லது. உணவுக்குச் சந்திக் கடைகளின் பிளேன்ரீயும் வடையும் பணிசும் உண்டு. நகரங்களில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவுடன் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களில் ஒடியற்கூழும் குரக்கன் புட்டும் மலிவாகக் கிடைக்கும், அங்கு செலுத்தும் பணம் போரில் குடும்பத் தலைவரை இழந்த பல வீடுகளுக்கும் போய்ச் சேர்கிறது.

மார்கழியில் வந்தவர், இயன்றால் சித்திரையிலும் ஒருமுறை வர வேண்டும். அப்போது வான் காய்ந்து கிடக்கும், காட்டோரங்களில் பாலைமரங்கள் பழுக்கத் தயாராகிக்கொண்டிருக்கும், மாரியில் மிகுநீரை வெளியேற்றிய குளம் தன்னிடம் எஞ்சியதைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். சிறுபோகம் எனப்படும் கோடைக்காலச் செய்கைக்கு முன்னர், கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் அரச அலுவலரும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, அது எத்தனை ஏக்கருக்குப் போதும், இம்முறை எந்த வாய்க்காலுக்கு உட்பட்ட வயல்கள் செய்கை பண்ணப்படும், எவை தரிசாக விடப்படும் என்பவை எல்லார் முன்னிலையிலும் பேசி முடிவாகின்றன. சில ஆண்டுகளில் அந்த முடிவு சண்டையின்றி எட்டப்படுவதில்லை. கூட்டம் முடிந்து சில நாட்களில் துருசு திறக்கப்பட, வான் மட்டத்துக்குக் கீழே தேங்கி நின்ற நீர் முறைவைத்து வாய்க்கால் வாய்க்காலாக இறங்கத் தொடங்குகிறது.